ஓவியம் சொல்லும் பெண்களின் உழைப்பு

அறுவடை முடிந்த ஒரு கோதுமை வயல். வயலின் கோடியில் போர்கள் சிறு குன்றுகளைப் போல உயர்ந்து நிற்கின்றன. கதிர்க்கட்டுகளை ஏற்றிய வண்டியைச் சுற்றி ஒரு கூட்டமே வேலை செய்துகொண்டிருக்கிறது. வலப்பக்கத்தில், குதிரைமீது அமர்ந்த ஒருவர் அவர்களைக் கண்காணிக்கிறார். அந்தப் பகுதி முழுவதும் பொன்னிற வெயில் படர்ந்திருக்கிறது. ஆனால், ஓவியத்தின் முன்பகுதியில் இருக்கும் மூன்று பெண்களுக்கு அந்த விளைச்சலில் பங்கில்லை. நீலத் துணியைத் தலையில் கட்டிய பெண் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, மறு கையைத் தரைக்கு நீட்டுகிறார். சிவப்புத் துணி கட்டிய இன்னொருவர் தரையிலிருந்து எதையோ எடுக்கிறார். மூன்றாமவர் பாதி நிமிர்ந்த நிலையில், கையில் ஒரு சிறு கட்டுடன் நிற்கிறார். மூவரின் முகங்களும் தெளிவாகத் தெரியவில்லை. தெரிபவை அவர்களின் வளைந்த முதுகுகளும் காய்ப்பேறிய கைகளும்தாம்.

பிரான்ஸ் நாட்டு ஓவியர் ஷான் பிரான்சுவா மில்லே 1857ஆம் ஆண்டில் வரைந்த ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ என்னும் ஓவியம் இது. இன்று பாரிசிலுள்ள ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. அறுவடைக்குப் பின் வயலில் சிந்திக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளும் உரிமை அந்நாட்டில் ஏழைகளுக்கு இருந்தது. நிலத்துக்காரர் தம் விளைச்சலை எடுத்துச் சென்ற பிறகே அவர்கள் வயலில் இறங்கலாம். சூரியன் மறைந்துவிட்டால் வெளியேற வேண்டும். இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறுவர்களும். ஒவ்வொரு கதிருக்கும் ஒருமுறை குனிய வேண்டும். நாள் முழுவதும் குனிந்து எழுந்தாலும் கிடைப்பது ஒரு குடும்பத்தின் சில நாள் ரொட்டிக்கு உரிய தானியமே. முதல் பெண் ஏன் கையை முதுகில் வைத்திருக்கிறார் என்பதை, நீண்ட நேரம் குனிந்து வேலை செய்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்த அமைதியான காட்சி 1857ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் பலரின் கோபத்தைக் கிளப்பியது. பிரான்ஸ் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புதான், 1848இல், ஒரு புரட்சியைக் கண்டிருந்தது. வறுமையைக் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்தும் ஓவியம் வசதி படைத்தவர்களை அச்சுறுத்தியது. விமரிசகர் ஒருவருக்கு, அந்தக் குனிந்த பெண்களின் பின்னால் 1793ஆம் ஆண்டின் கலவரமும் தூக்குமேடையும் தெரிந்தனவாம்! மூன்று பெண்கள் கதிர் பொறுக்குவதில் அவ்வளவு பயங்கரம் என்ன இருக்கிறது என்று இன்றைய வாசகர் வியக்கலாம். இதற்கு விடை காண, அக்கால ஓவிய உலகின் ஒழுங்கைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

பிரான்சின் கலைக்கழகம் 17ஆம் நூற்றாண்டிலேயே ஓவியங்களைத் தரம் பிரித்திருந்தது. சமயக் கதைகள், புராணங்கள், மன்னர்களின் வெற்றிகள் ஆகியவற்றைக் காட்டும் ஓவியங்களுக்கு முதலிடம். அவற்றுக்கு அடுத்து, பெரிய மனிதர்களின் உருவப்படங்கள். சமையல், சந்தை, தையல், தாலாட்டு என்று சாதாரண மக்களின் வாழ்வைக் காட்டும் ஓவியங்கள் அவற்றுக்கும் கீழே இருந்தன. இவ்வகையை அன்றாட வாழ்வியல் ஓவியம் எனலாம். அன்றாட வாழ்வைச் சிறிய கித்தானில், பார்ப்பவர் புன்னகைக்கும்படி வரைவதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் செல்வம் சேர்த்த வணிகர்களும் ஆலை முதலாளிகளும் தங்கள் வீட்டுச் சுவர்களுக்கு அத்தகைய ஓவியங்களையே விரும்பி வாங்கினார்கள். மில்லே செய்தது வேறு. ஒரு மீட்டருக்கும் அதிக அகலமுள்ள கித்தானில், புராண மாந்தர்க்கு உரிய கம்பீரத்துடன் ஏழைப் பெண்களை நிறுத்தினார். அந்தப் பெண்கள் சிரிக்கவில்லை, அழவுமில்லை. இரக்கம் கேட்காத ஏழைகள்தாம் அந்தக் கண்காட்சிக்கு வந்தவர்களைச் சங்கடப்படுத்தினார்கள்.

மில்லே நார்மண்டியில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1849இல் பார்பிசோன் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்து, அதைச் சுற்றியுள்ள வயல்வெளிகளையே வரைந்துவந்தார். ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ ஓவியத்தை அவர் 3,000 பிராங்கிற்கு விற்றார். அவர் இறந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1889இல், அதே ஓவியம் 300,000 பிராங்கிற்கு விலைபோனது. வாங்கியவர் தம் கணவரின் மறைவுக்குப்பின் பெரிய வணிக நிறுவனம் ஒன்றைத் தாமே நடத்திக்காட்டிய மேடம் பொம்மெரி. அவர் வழியாக அது நாட்டுடைமையானது. ஓவியத்தின் விலை நூறு மடங்கு உயர்ந்த கதையில், குனிந்து நின்ற மூவருக்கும் இடமில்லை.

வயலில் மட்டுமன்றி நகரத்திலும் பெண்களின் உழைப்பு ஓவியர்களின் கண்ணில் பட்டது. அந்நாளில் பாரிசில் வீடுகளுக்குக் குழாய்நீர் வசதி குறைவு. ஆகவே, வசதியுள்ள வீடுகளின் துணிகள் சலவைத் தொழிலாளர்களிடம் சென்றன. சேன் ஆற்றில் சலவைக்காகவே படகுகள் கட்டி நிறுத்தப்பட்டிருந்தன. பெண்கள் அவற்றில் இடத்துக்குக் கட்டணம் செலுத்தித் துணி துவைத்தார்கள். பின்னர், ஈரத்தில் கனத்த மூட்டையைச் சுமந்துகொண்டு கரையின் படிகளில் ஏற வேண்டும்.

ஓவியர் ஓனோரே தோமியே அந்த ஆற்றின் நடுவிலுள்ள தீவில், கரையை ஒட்டிய தெருவில் வாழ்ந்தவர். இந்தக் காட்சியை அவர் நாள்தோறும் கண்டிருப்பார். 1863ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த ‘சலவைப் பெண்’ ஓவியத்தில், ஒரு தாய் ஒரு கையில் துணிமூட்டையுடன் படியேறி வருகிறார். மறு கை, கடைசிப் படியில் கால்வைக்கத் தடுமாறும் சிறு குழந்தையைப் பற்றியிருக்கிறது. எதிர்க்கரைக் கட்டடங்கள் வெயிலில் ஒளிர, தாயும் பிள்ளையும் நிழலில் இருக்கிறார்கள். அரை மீட்டர் உயரம்கூட இல்லாத ஓவியம் அது. ஆயினும் அந்தத் தாயின் உருவம் கருங்கல் சிலைபோல் கனமாக நிற்கிறது. குழந்தையின் கையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அதில் இருப்பது விளையாட்டுப் பொருள் அன்று; துணி அடிக்கும் மரக்கட்டை. தாய் வேலைக்குப் போனால் பிள்ளையும் உடன் போகும் நிலைமையையும், அந்தப் பிள்ளையின் நாளைய தொழிலையும் தோமியே அந்த ஒரு கட்டையில் காட்டிவிட்டார்.

துவைத்த துணியைத் தேய்ப்பது இன்னொரு தொழில். மின்சாரம் இல்லாத காலத்தில் இஸ்திரிப்பெட்டியை அடுப்பின்மீது வைத்துச் சூடேற்றுவார்கள். கோடையிலும் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் அறையில், நாள் முழுவதும் நின்றபடியே வேலை. எட்கர் தேகா இப்பெண்களைப் பல ஓவியங்களில் வரைந்தார். அவருடைய ஓவியக்கூடத்திற்கு 1874இல் சென்ற எழுத்தாளர் எத்மோன் தெ கோன்கூர், தேகா அத்தொழிலின் சொற்களையே பயன்படுத்தி, அழுத்தித் தேய்ப்பது எப்படி, வட்டமாகத் தேய்ப்பது எப்படி என்று விளக்கியதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்துள்ளார். பணக்கார வங்கிக் குடும்பத்தில் பிறந்த ஓவியருக்கு அந்த அளவுக்குக் கவனம் இருந்தது. 1880களின் நடுவில் அவர் வரைந்த ‘துணி தேய்க்கும் பெண்கள்’ ஓவியத்தில், ஒருவர் தம் உடல் எடை முழுவதையும் இரு கைகளிலும் இறக்கி இஸ்திரிப்பெட்டியை அழுத்துகிறார். பக்கத்தில் நிற்பவர் வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுகிறார். கையில் ஒரு புட்டி. கொட்டாவி விடும் பெண்ணை வரைய அதற்குமுன் எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்? களைப்பை அழகுபடுத்தாமல் களைப்பாகவே காட்டியதுதான் அந்த ஓவியத்தின் பெருமை.

இங்கிலாந்தின் நிலை சற்று வேறு. அங்கே ஓவியர்கள் பார்ப்பவரின் மனத்தை உருக்கவே முயன்றார்கள். 1843ஆம் ஆண்டு டிசம்பரில், கூலிக்குச் சட்டை தைக்கும் பெண்ணின் அவலத்தைப் பற்றித் தாமஸ் ஹூட் எழுதிய கவிதை ஒன்று ‘பஞ்ச்’ இதழில் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. மறு ஆண்டே ரிச்சர்ட் ரெட்கிரேவ் ‘தையற்பெண்’ என்னும் ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். அதே காட்சியை அவர் 1846இல் மீண்டும் வரைந்தார். ஒரு சிறிய அறை, மேசையில் விளக்கு, சன்னலோரம் வாடிப்போன செடி. சுவர்க் கடிகாரம் பின்னிரவு இரண்டரை மணியைக் காட்டுகிறது. தைத்துக்கொண்டிருக்கும் பெண் ஒரு கணம் ஊசியை நிறுத்திக் கண்களை மேலே உயர்த்துகிறார்.

கடிகாரமும் செடியும் உண்மை பேசுகின்றன. தைத்த உருப்படிக்குத்தான் கூலி என்பதால் இரவும் பகலாயிற்று. ஆனால், அந்த முகம்? சமய ஓவியங்களில் புனிதர்கள் வானத்தை நோக்குவதைப் போலவே அந்தப் பெண்ணும் நோக்குகிறார். பார்ப்பவர் இரங்க வேண்டும் என்றே அமைக்கப்பட்ட முகம் அது. ரெட்கிரேவின் இரக்கம் பொய்யன்று. அவருடைய தங்கை பிறர் வீட்டில் ஆசிரியையாக வேலைக்குச் சென்று, நோயுற்று இறந்தவர். அத்துயரம் அவர் ஓவியங்களில் படிந்துள்ளது. இருந்தாலும் தேகாவின் கொட்டாவிக்கும் ரெட்கிரேவின் மேல்நோக்கிய கண்களுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. ஒன்றில் ஒரு தொழிலாளி இருக்கிறார். மற்றொன்றில், உதவியை எதிர்பார்த்து ஒரு பரிதாபத்துக்குரியவர் இருக்கிறார். இந்த ஓவியங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்பவர்கள் இதை மறந்துவிடக்கூடாது. புகைப்படக் கருவி பரவலாக இல்லாத காலத்தின் அடுப்பையும் உடையையும் கருவிகளையும் அவை துல்லியமாகக் காட்டலாம். ஆனால், ஒரு பெண்ணை எந்தக் கணத்தில், எந்தப் பக்கத்திலிருந்து காட்டுவது என்று முடிவெடுத்தவர் ஓவியர்.

இதுவரை கண்ட ஓவியர்கள் அனைவரும் ஆண்கள். அவர்கள் வயலோரத்திலும் ஆற்றங்கரையிலும் சலவைக்கடையிலும் நின்று பார்த்தவர்கள். அதே காலத்தில் பெண்ணொருவர் தூரிகை பிடித்தால் என்ன தெரிந்திருக்கும்?

பெர்த் மோரிசோவும் அவருடைய அக்காள் எட்மாவும் வசதியான குடும்பத்தில் பிறந்தவர்கள். பாரிசின் அரசு நுண்கலைப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே, இருவரும் தனியாசிரியர்களிடம் ஓவியம் கற்றார்கள். அவர்களுள் ஓர் ஆசிரியர் இருவரின் திறமையைக் கண்டு மகிழ்வதற்குப் பதிலாகக் கலங்கிப்போனார். இப்பெண்கள் பொழுதுபோக்குக்கு வரைபவர்களாக இல்லாமல் உண்மையான ஓவியர்களாகிவிடுவார்கள், உங்கள் குடும்பத்தின் தகுதிக்கு அது பெரிய விபரீதம் என்று அவர்களின் தாயாரை எச்சரித்தாராம். எச்சரிக்கை பலிக்கத்தான் செய்தது. 1864ஆம் ஆண்டு அரசுக் கண்காட்சியில் சகோதரிகள் இருவரின் ஓவியங்களும் இடம்பெற்றன.

1869இல் எட்மா ஒரு கடற்படை அதிகாரியை மணந்து, லோரியான் என்னும் துறைமுக நகருக்குச் சென்றார். அத்துடன் அவருடைய ஓவிய வாழ்வு நின்றது. அங்கிருந்து தங்கைக்கு எழுதிய கடிதங்களில், மனத்தால் தாம் இன்னும் அந்த ஓவிய அறையில்தான் இருப்பதாக அவர் ஏங்கியிருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1872இல், பெர்த் தம் அக்காளை வரைந்தார். அதுவே ‘தொட்டில்’ என்னும் புகழ்பெற்ற ஓவியம்.

மெல்லிய வெள்ளைத் திரை தொங்கும் தொட்டிலில் எட்மாவின் கைக்குழந்தை பிளான்ஷ் உறங்குகிறாள். எட்மா ஒரு கையைக் கன்னத்தில் ஊன்றி, மறு கையால் தொட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழந்தையைப் பார்க்கிறார். தாயின் மடங்கிய கையைப் போலவே குழந்தையின் கையும் மடங்கியிருக்கிறது. தாய்மையின் இனிமையைக் காட்டும் ஓவியம் என்றே நெடுங்காலம் பலரும் இதைப் பாராட்டினார்கள். அதில் தவறில்லை, அந்தப் பார்வையில் அன்பு இருக்கிறது. ஆனால், அதே முகத்தில் ஒரு களைப்பும் எங்கோ போய்விட்ட நினைவும் சேர்ந்தே இருக்கின்றன. ஓவியரின் முன்னால் அமர்ந்திருப்பவர் வெறும் தாய் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன்பு அருகில் நின்று வரைந்த இன்னோர் ஓவியர். அதை அறிந்த பிறகு அந்த ஓவியத்தை முன்புபோல் பார்க்க முடிவதில்லை.

1874இல் இம்ப்ரஷனிச ஓவியர்கள் தங்கள் முதல் கண்காட்சியை நடத்தியபோது, அதில் பங்கேற்ற ஒரே பெண் பெர்த் மோரிசோ. ‘தொட்டில்’ அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டது, யாரும் வாங்கவில்லை. பின்னர் அது குடும்பத்தாரிடமே இருந்தது. 1930இல்தான் லூவ்ர் அருங்காட்சியகம் அதை வாங்கியது. மோரிசோவின் நண்பர்கள் உணவு விடுதிகளிலும் நாடக அரங்குகளின் பின்புறத்திலும் விரும்பியபடி சென்று வரைந்தார்கள். அவருடைய குடும்பத்துப் பெண் அங்கெல்லாம் தனியே போகமுடியாது. வீடு, தோட்டம், சன்னல், மாடிமுகப்பு ஆகியவையே அவருடைய களம். களம் சிறியது என்பதற்காக அவர் கண்டது சிறிதன்று.

1878இல் மோரிசோவுக்கு ஜூலி என்னும் மகள் பிறந்தாள். அக்கால வழக்கப்படி, குழந்தைக்குப் பாலூட்ட ஆஞ்செல் என்னும் செவிலித்தாய் அமர்த்தப்பட்டார். அவர் தோட்டத்தில் அமர்ந்து ஜூலிக்குப் பாலூட்டும் காட்சியை மோரிசோ 1880ஆம் ஆண்டு வாக்கில் வரைந்தார். வேகமான வெள்ளை, பச்சைத் தீற்றல்களுக்கு நடுவே அந்தப் பெண்ணின் உருவம் ஏறத்தாழக் கரைந்துபோகிறது. தாயும் சேயும் என்று எவரும் எளிதில் எண்ணிவிடக்கூடிய காட்சி. ஆனால், அந்தப் பெண் செய்துகொண்டிருப்பது கூலிக்கான வேலை. எதிரே நின்று வரையும் குழந்தையின் தாய் செய்துகொண்டிருப்பதும் வேலைதான். ஒருவர் பாலூட்டுவதால் மற்றவரால் வரைய முடிகிறது. இந்த இரட்டை உழைப்பைச் சுட்டிக்காட்டியவர் கலை வரலாற்று அறிஞர் லிண்டா நாக்லின்.

அந்த ஓவியத்தில் இன்னொரு குழந்தையும் இருக்க வேண்டும், அது இல்லை. கிராமங்களிலிருந்து பாரிசுக்கு வந்த செவிலித்தாயர் பலர், தம் சொந்தக் குழந்தையைப் பிறரிடம் விட்டுவிட்டே வந்தார்கள். கூலிக்கு வளர்க்கப்பட்ட குழந்தைகளின் இறப்பு மிகுந்திருந்ததால், அத்தகைய குழந்தைகளை அரசு கண்காணிக்க வேண்டும் என்று 1874இல் பிரான்சில் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. செவிலித்தாயின் ஒரு பகற்பொழுதை அவ்வளவு அருகிலிருந்து வரைந்தவரின் கித்தானிலும், அவர் விட்டுவந்த வீடு வரவில்லை. பெண் வரைந்ததாலேயே எல்லாப் பெண்களின் கதையும் வந்துவிடும் என்று சொல்ல முடியாது.

மோரிசோ 1895இல் மறைந்தார். நூற்றுக்கணக்கான ஓவியங்களை வரைந்த அவருடைய இறப்புச் சான்றிதழில், தொழில் என்னுமிடத்தில் ‘தொழில் இல்லை’ என்றே எழுதப்பட்டது.

அதே ஆண்டுகளில், டென்மார்க்கின் வடமுனையிலுள்ள ஸ்காகன் என்னும் மீனவர் ஊரில் அன்னா ஆங்கர் வரைந்துகொண்டிருந்தார். கோடைதோறும் பல ஓவியர்கள் அவ்வூருக்கு வந்து கடலையும் மீனவர்களையும் வரைந்தார்கள். அவர்களுள் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் அன்னா ஒருவர்தான். அவருடைய பெற்றோர் அங்கு விடுதி நடத்தினார்கள். கோபன்ஹேகனின் அரச கலைக்கழகம் அப்போது பெண்களுக்குத் திறக்கப்படாததால், அவரும் தனியார் ஓவியப் பள்ளியில்தான் பயின்றார். 1880இல் அவருக்குத் திருமணமானபோது, வண்ணப்பெட்டியைக் கடலில் எறிந்துவிடும்படி அவருடைய ஆசிரியரே அறிவுரை கூறினார் என்பார்கள். அவர் எறியவில்லை. எட்மாவைப் போலன்றி, திருமணத்துக்குப் பின்னும் மகள் பிறந்த பின்னும் வரைந்துகொண்டே இருந்தார்.

மற்றவர்கள் கடற்கரைக்குச் சென்று படகையும் புயலையும் வரைந்த நேரத்தில், அன்னா சமையலறைக்குள் சென்றார். 1883க்கும் 1886க்கும் இடையில் அவர் வரைந்த ‘சமையலறையில் பணிப்பெண்’ ஓவியத்தில், ஒரு பெண் முதுகைக் காட்டி நிற்கிறார். சன்னலின் மஞ்சள் திரை வழியாக வெயில் வடிகட்டி உள்ளே வருகிறது. அவருடைய சிவப்புப் பாவாடை அந்த வெளிச்சத்தில் செழித்து நிற்கிறது. தலை சற்றுக் குனிந்திருக்கிறது. கண்ணீர் இல்லை, கடிகாரம் இல்லை, கண்காணிக்கும் குதிரைக்காரர் இல்லை. கையில் என்ன வேலை என்பதுகூடத் தெரியவில்லை. அவருடைய முதுகு அதை மறைத்துவிடுகிறது. யாரோ பார்க்கிறார்கள் என்ற எண்ணமே இல்லாமல், ஒரு காலைப்பொழுதின் வேலையை அவர் பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கிறார்.